கஞ்சி பட்டதும் முதலில் சுரீர், அப்புறம் எரிச்சல்: ஒரே சூடு ஏன் இரண்டு தடவை வலிக்கிறது?

அரசலாறு (கும்பகோணம்)

வணக்கம். உடம்பைப் பற்றி விவரம் தெரிந்தவர்கள் இங்கே நிறைய பேர் இருப்பதால் கேட்கிறேன். எங்கள் வீட்டில் அடுத்தடுத்து இரண்டு விஷயம் நடந்தது. இரண்டுக்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது என்று தோன்றுகிறது, என்னவென்றுதான் பிடிபடவில்லை.

ஒன்று எனக்கு. பெரிய பானையில் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். மூடி லேசாக நழுவி, கொதிக்கிற கஞ்சி இடது மணிக்கட்டின் உள்பக்கம் கொட்டிவிட்டது. கையை எப்போது இழுத்தேன் என்று எனக்கே தெரியாது. சுரீர் என்று ஒரு வலி, உடனே அது அடங்கினது மாதிரி இருந்தது, சரி தப்பித்தோம் என்று மூச்சு விடுவதற்குள் எரிச்சல் கிளம்பியது, அது நின்றபாடில்லை. கஞ்சி படாத இடம்கூடச் சுற்றிலும் சிவந்துவிட்டது. சாயங்காலம் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவப் போனால் இடது மணிக்கட்டில் கொதிநீர் பட்டது போலத் துடித்தேன், அதே தண்ணீரில் வலது கைக்கு ஒன்றுமே இல்லை.

இன்னொன்று மாமனாருக்கு. பல வருஷமாகச் சர்க்கரை இருக்கிறது. பிரதோஷத்துக்கு வெயில் தாழும் முன்பே கோயிலுக்குப் போய், வெளிப் பிராகாரத்தை நிதானமாகச் சுற்றி வந்திருக்கிறார். மற்றவர்கள் எல்லாம் நிழலைத் தேடி ஓடுகிறார்கள், இவருக்குச் சுடவே இல்லையாம். ராத்திரி மாமியார்தான் பார்த்தார், வலது உள்ளங்காலில் பெருவிரலுக்குக் கீழே பெரிய கொப்புளம். அவர் அதன் மேலேயே நடந்துகொண்டிருந்திருக்கிறார்.

எனக்கு ஒரு சூட்டுக்கு இரண்டு வலி, அவருக்கு அவ்வளவு சூட்டுக்கும் வலியே இல்லை. தோலுக்குள் என்னதான் நடக்கிறது?

மன்னை மைந்தன்

அக்கா, முதலில் மாமனாரை டாக்டரிடம் கூட்டிப்போங்கள். சர்க்கரை உள்ளவர் காலில் கொப்புளம் என்றால் அதை வீட்டில் வைத்துப் பார்க்கிற விஷயமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கொப்புளத்தை உடைக்காதீர்கள்.

கை தானாக வந்ததற்குப் பதில் எனக்குத் தெரியும். சூட்டுச் செய்தி தண்டுவடத்துக்குப் போனதுமே அங்கிருந்தே தசைக்கு உத்தரவு வந்துவிடும், மூளை வரைக்கும் போய்த் திரும்ப வேண்டியதில்லை. வலி என்று நாம் உணர்வதற்குள் கை நகர்ந்திருக்கும். மற்றதைத் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

நரம்புப்பாடம் (தஞ்சாவூர்)

மருத்துவ மாணவர்களுக்கு உடலியங்கியல் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பில் இந்தப் பாடத்துக்குக் கிடைக்கும் நேரம் குறைவு, எனக்கு மிகவும் பிடித்த பாடம் இது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

தோலில் சூட்டுவலியை உணரத் தனி உறுப்பு ஏதும் கிடையாது. மேல்தோலின் அடுக்குகளுக்கு இடையில் வந்து அப்படியே முடிந்துபோகிற நரம்பு நுனிகள்தான் அந்த வேலையைச் செய்கின்றன. அந்த நரம்புச் செல்லின் உடல், தண்டுவடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு முடிச்சுக்குள் இருக்கிறது. அங்கிருந்து ஒற்றை இழையாக உங்கள் மணிக்கட்டு வரை நீண்டு வந்திருக்கிறது.

வலியைக் கொண்டுபோகிற இழைகளில் இரண்டு வகை. ஏ-டெல்டா இழைக்கு மையலின் என்ற கொழுப்புப் பொருளால் ஆன மெல்லிய உறை உண்டு, செய்தி நொடிக்கு ஏறக்குறைய 5 முதல் 30 மீட்டர் வேகத்தில் ஓடும். சி இழைக்கு அந்த உறை இல்லை, ஆளும் ரொம்ப மெலிசு, வேகம் நொடிக்கு அரை மீட்டரிலிருந்து 2 மீட்டருக்குள்தான். உங்கள் மணிக்கட்டிலிருந்து தண்டுவடம் வரை முக்கால் மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏ-டெல்டாவில் நொடிக்கு 15 மீட்டர் என்றால் 0.05 நொடியில் செய்தி போய்விடும். சி இழையில் நொடிக்கு 1 மீட்டர் என்றால் முக்கால் நொடி ஆகும். நீங்கள் தப்பித்தோம் என்று மூச்சு விட்டது அந்த இடைவெளியில்தான். முதலில் வந்த சுரீர் ஏ-டெல்டா, பின்னால் வந்த எரிச்சல் சி. காலில் சுட்டுக்கொண்டால் தூரம் அதிகம் என்பதால் இடைவெளியும் இன்னும் நன்றாகத் தெரியும்.

இது ஊகம் இல்லை. கையில் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை இறுக்கி வெகுநேரம் வைத்தால் மையலின் உள்ள இழைகள் முதலில் செயலிழக்கும். அப்போது சுரீர் போய்விடும், எரிச்சல் மட்டும் மிஞ்சும். உணர்ச்சி போக்கும் ஊசிமருந்தைக் குறைந்த அளவில் கொடுத்தால் தலைகீழாக, எரிச்சல் முதலில் அடங்கும். 1960களில் சுவீடனின் உப்சாலாவில் ஹாக்பார்த், வால்போ என்ற இரண்டு பேர் விழித்திருக்கும் மனிதரின் நரம்புக்குள் மெல்லிய ஊசி மின்முனையைச் செருகி, இழை பேசுவதை நேராகக் கேட்கும் முறையைக் கண்டுபிடித்தார்கள். முதலில் தங்கள் கைகளிலேயே செய்து பார்த்தார்கள். அந்த முறையில்தான் ஒரு ஒற்றைச் சி இழை எத்தனை டிகிரியில் பேச ஆரம்பிக்கிறது என்பதை மனிதரிடமே அளக்க முடிந்தது.

அடுத்து, நுனிக்குச் சூடு எப்படித் தெரிகிறது? நுனியின் சவ்வில் அயனிக் கால்வாய் என்ற புரதங்கள் இருக்கின்றன. வாய்க்கால் மதகு போல, திறந்தால் சோடியமும் கால்சியமும் உள்ளே பாயும், பாய்ந்ததும் இழையில் மின்துடிப்பு கிளம்பும். சூட்டுக்குத் திறக்கிற முக்கியமான கால்வாயின் பெயர் டிஆர்பிவி1. சுமார் 43 டிகிரி செல்சியஸில் திறக்கும். 1997இல் அமெரிக்காவில் டேவிட் ஜூலியஸின் ஆய்வகம் இதைக் கண்டுபிடித்தது. 2021இல் அவருக்கும் ஆர்டெம் பட்டபூட்டியனுக்கும் மருத்துவ நோபல் கிடைத்ததில் இதற்கு முக்கியப் பங்கு. ஆனால் இது ஒன்றுதான் காவல் என்று நினைக்க வேண்டாம். டிஆர்பிவி1 இல்லாமல் வளர்த்த எலிகளுக்கும் சூடு உறைத்தது. 2018இல் பெல்ஜியத்தின் லூவனில், டிஆர்பிவி1, டிஆர்பிஎம்3, டிஆர்பிஏ1 என்ற மூன்று கால்வாய்களையும் சேர்த்து நீக்கின பிறகுதான் எலிகள் சுடும் தட்டிலிருந்து விலகும் வழக்கத்தை இழந்தன. ஒன்று போனால் ஒன்று காக்கும்படி உடம்பு அமைந்திருக்கிறது. இதைப் படிக்கும் ஒவ்வொரு தடவையும் எனக்கு மலைப்பாக இருக்கும்.

43 என்பதிலும் விஷயம் இருக்கிறது. ஹென்ரிக்ஸ், மோரிட்ஸ் இருவரும் 1947இல் வெளியிட்ட ஆய்வின்படி, தோல் 44 டிகிரியில் இருந்தால் புண்ணாக ஏறக்குறைய 6 மணி நேரம் பிடிக்கும். அதற்கு மேல் சுமார் 51 டிகிரி வரை ஒவ்வொரு டிகிரிக்கும் அந்த நேரம் கிட்டத்தட்டப் பாதியாகும். 60 டிகிரி என்றால் சில நொடிதான். ஆக, புண்ணாகத் தொடங்கும் எல்லையும் இழை கத்தத் தொடங்கும் எல்லையும் கிட்டத்தட்ட ஒன்று. வலி வரும்போது புண் இன்னும் ஆகியிருக்காது, விலகினால் தப்பிக்கலாம். அதற்குத்தான் வலி.

சாயங்காலம் எரிந்த கதை அடுத்த பதிவில்.

நரம்புப்பாடம் (தஞ்சாவூர்)

தொடர்கிறேன். கஞ்சி பட்ட இடத்தில் செல்கள் அடிபட்டு பிராடிகைனின், புரோஸ்டாகிளாண்டின் போன்ற பொருள்கள் கசியும். அவை டிஆர்பிவி1 திறக்கும் எல்லையைக் கீழே இறக்கிவிடும். 43இல் திறக்க வேண்டியது உடம்புச் சூட்டுக்குப் பக்கத்திலேயே திறந்துகொள்ளும். வெதுவெதுப்பான தண்ணீர் உங்கள் இடது மணிக்கட்டுக்குக் கொதிநீராகத் தெரிந்ததற்குக் காரணம் இதுதான். வெயிலில் தோல் காந்திப்போனவர்கள் வெந்நீரில் குளிக்க முடியாமல் துடிப்பதும் இதனால்தான். புரோஸ்டாகிளாண்டின் உண்டாவதைத் தடுப்பதால்தான் இபுபுரூஃபன் மாதிரி மாத்திரைகள் இந்த வகை வலியைக் குறைக்கின்றன.

கஞ்சி படாத இடம் சிவந்ததற்குச் சி இழையே காரணம். ஒரு இழை தோலுக்குள் பல கிளையாகப் பிரிந்திருக்கும். ஒரு கிளையில் கிளம்பின துடிப்பு பக்கத்துக் கிளைகளுக்கும் திரும்பி ஓடி, அங்கே சப்ஸ்டன்ஸ் பி, சிஜிஆர்பி என்ற பொருள்களை வெளியே விடும், ரத்தக் குழாய் விரியும், தோல் சிவக்கும். செய்தி கொண்டுபோக மட்டும் இருக்கிற இழை என்று நினைப்போம், அது இந்த முனையில் மருத்துவ வேலையும் பார்க்கிறது.

நீடா மாமி (நீடாமங்கலம்)

ரொம்ப நன்றாகப் புரியும்படி எழுதியிருக்கிறீர்கள் சார். ஒரு சந்தேகம். மோர்மிளகாய் போட ஒரு கூடை பச்சை மிளகாயைக் கீறினால் ராத்திரி முழுக்க விரல் காந்தும். அந்தக் கையோடு சூடான காபி டம்ளரைப் பிடித்தால் பிடிக்கவே முடியாது, மற்ற நாளில் அதே டம்ளரைச் சாதாரணமாகப் பிடிப்பேன். இதுவும் அதே கால்வாய்தானா? தண்ணீரில் கழுவிக் கழுவிப் பார்த்தாலும் போவதில்லை, தேங்காய் எண்ணெய் தடவினால் கொஞ்சம் தேவலை.

இன்னொன்றும் சொல்கிறேன், சமையல் கட்டில் இருப்பவர்களுக்கு உபயோகப்படும். பாத்திரம் இறக்குகிற துணி ஈரமாக இருக்கவே கூடாது. ஈரத் துணி சூட்டை உடனே கைக்குக் கடத்திவிடும், நீராவியாகவும் அடிக்கும். எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் சமையலுக்கு வந்தவர்கள் காய்ந்த துணியை நாலாக மடித்து இடுப்பில் செருகியேதான் இருப்பார்கள்.

நரம்புப்பாடம் (தஞ்சாவூர்)

அதே கால்வாய்தான் மாமி. ஜூலியஸ் குழு டிஆர்பிவி1ஐப் பிடித்ததே மிளகாயை வைத்துத்தான். மிளகாயின் கேப்சைசின் எந்தப் புரதத்தைத் திறக்கிறது என்று தேடினார்கள், கிடைத்த புரதம் சூட்டுக்கும் திறந்தது. கேப்சைசின் அதில் ஒட்டிக்கொண்டால் திறக்கும் எல்லை இறங்கிவிடும், அதனால் உங்கள் காபி டம்ளர் அன்று மட்டும் அதிகமாகச் சுடுகிறது. காரக் குழம்பைக் கொதிக்கக் கொதிக்கச் சாப்பிட்டால் காரம் தூக்கலாகத் தெரிவதும் இதனால்தான். கேப்சைசின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். எண்ணெய் தடவித் துடைத்துவிட்டு அப்புறம் சோப்புப் போடுங்கள். வாய் எரிந்தால் தண்ணீரைவிடத் தயிர், பால் கேட்கும்.

கொல்லையில் கிளி வந்து மிளகாயைக் கொத்தித் தின்பதைப் பார்த்திருப்பீர்கள். பறவைகளுக்கும் டிஆர்பிவி1 உண்டு, சூட்டுக்குத் திறக்கும், ஆனால் கேப்சைசினுக்கு அசையாது. கோழியின் கால்வாயை எடுத்து 2002இல் இதைக் காட்டினார்கள். விதையை மெல்லாமல் விழுங்கித் தூரமாகக் கொண்டுபோய்ப் போடுகிற பறவைக்குக் காரம் தெரிவதில்லை, விதையைக் கடித்து நொறுக்கும் எலிக்கு உறைக்கிறது. மிளகாய்ச் செடிக்கு இது எவ்வளவு வசதி பாருங்கள்.

பட்டுக்கோட்டையான்

எல்லாம் சரி, ஆனால் பட்ட உடனே என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லையே. எங்கள் வீட்டில் பற்பசைதான். தடவினவுடன் குளுகுளு என்று எரிச்சல் அடங்கும், கண்கூடாகப் பார்த்தது. சிலர் இட்லி மாவு தடவுவார்கள். அப்புறம், எரிச்சல் இல்லாவிட்டால் புண் லேசு என்றுதான் பெரியவர்கள் சொல்வார்கள், அதையும் தப்பு என்கிறீர்களா?

செவிலி (திருவாரூர்)

இதற்கு நான் பதில் சொல்கிறேன். அரசு மருத்துவமனையில் தீக்காயத்துக்குக் கட்டுப் போடும் இடத்தில் வேலை பார்த்திருக்கிறேன். பற்பசையைச் சுரண்டி எடுக்கும்போது நோயாளி படும் பாட்டைப் பார்த்தவர்கள் யாரும் அதைத் தடவச் சொல்ல மாட்டார்கள்.

பற்பசையில் புதினாவின் மென்தால் இருக்கிறது. அது தோலில் குளிரை உணரும் கால்வாயைத் திறந்துவிடுகிறது, அதனால் குளுகுளு என்று தெரிகிறது. தோலின் சூடு ஒரு டிகிரிகூடக் குறைந்திருக்காது. உள்ளே திசு வெந்துகொண்டே இருக்கும், உங்களுக்கு மட்டும் குளிர்ச்சியாக இருக்கும். மாவு, மை, வெண்ணெய் எல்லாம் புண்ணை மூடிச் சூட்டை உள்ளேயே நிறுத்தும், கிருமியையும் கொண்டுவரும்.

செய்ய வேண்டியது குழாய்த் தண்ணீர். ஓடுகிற தண்ணீரில், முழுசாக 20 நிமிஷம். ஒரு நிமிஷம் காட்டிவிட்டு எடுத்துவிடுகிறார்கள், அது போதாது. உடனே முடியாவிட்டாலும் 3 மணி நேரத்துக்குள் செய்தால் பலன் உண்டு. ஐஸ் வேண்டாம், அடிபட்ட தோலுக்கு அதுவும் கேடு. வீங்குவதற்கு முன் வளையல், மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள், வீங்கின பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். கஞ்சி, பாகு, எண்ணெய் இதெல்லாம் தண்ணீர் மாதிரி வழிந்துவிடாது, தோலில் ஒட்டி நின்று சூட்டை இறக்கிக்கொண்டே இருக்கும், அதனால் இவற்றுக்கு இன்னும் சீக்கிரமாகத் தண்ணீர் வேண்டும்.

எரிச்சல் இல்லாவிட்டால் லேசு என்பது ஆபத்தான எண்ணம் ஐயா. மேலாக வெந்தால் நரம்பு நுனி உயிரோடு இருக்கும், கத்தும். தோல் முழு ஆழத்துக்கும் வெந்துபோனால் நுனிகளும் செத்துவிடும், நடுவில் வலியே இருக்காது, ஓரத்தில் மட்டும் வலிக்கும். வெளுத்தோ கருகியோ, பதனிட்ட தோல் போல விறைத்து இருக்கும். அழாமல் அமைதியாக வந்து உட்கார்ந்த நோயாளியைத்தான் நாங்கள் முதலில் உள்ளே எடுத்திருக்கிறோம்.

சுவாமிமலை வார்ப்பு

வணக்கம். சிலை வார்க்கும் பட்டறையில் வளர்ந்தவன். தேன்மெழுகும் குங்கிலியமும் உருக்கிக் கலந்து மெழுகில் உருவம் பிடிப்போம், அதன் மேல் காவிரி வண்டலைப் பூசிக் காயவைத்து, சூடாக்கி மெழுகை வடித்துவிட்டு உலோகத்தை ஊற்றுவோம். பெரியவர்கள் இளகின மெழுகைக் கட்டைவிரலாலேயே அழுத்தி மூக்கு, இமை எல்லாம் திருத்துவார்கள், சூடான கரண்டியின் நுனி சரியாக இருக்கிறதா என்று விரலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பார்கள். நான் தொட்டால் கை தெறித்து வரும். அவர்களுக்கு நரம்பு மரத்துப்போய்விட்டதா?

நரம்புப்பாடம் (தஞ்சாவூர்)

அதே விரலால் இமைக் கோட்டைத் திருத்துகிறார்களே, மரத்துப்போன விரலால் அது முடியுமா? நரம்பு நன்றாகவே இருக்கிறது. வேறுபாடு தோலின் தடிமனில். மேல்தோலின் வெளி அடுக்கு செத்த செல்களால் ஆனது, நரம்பு நுனி அதற்குக் கீழே உள்ள உயிருள்ள அடுக்கில் நின்றுவிடும். முன்கையில் அந்தச் செத்த அடுக்கு தாளைவிட மெலிசு, உள்ளங்கையில் பல மடங்கு தடிமன், வேலை செய்து காய்ப்புப் பிடித்த விரலில் இன்னும் தடிமன். சூடு அதைக் கடந்து 43 டிகிரியாக நுனியை எட்ட நேரம் ஆகும், அதற்குள் அவர் விரலை எடுத்துவிடுகிறார். எவ்வளவு நேரம் தொடலாம் என்பது பழக்கத்தில் வந்த கணக்கு.

தொடுகிற பொருளும் முக்கியம். வெயிலில் ஒரே சூட்டில் கிடக்கும் பித்தளைக் குடத்தையும் மரக்கட்டையையும் தொட்டால் குடம்தான் சுடும், உலோகம் சூட்டை மளமளவென்று தோலுக்குத் தள்ளிவிடும். இழை அறிவது தன் நுனி எவ்வளவு சூடாகிறது என்பதை மட்டும்தான், பொருளின் சூடு அதற்குத் தெரியாது.

குடமுருட்டிக்காரன்

இதைப் படித்ததும் தீமிதி ஞாபகம் வருகிறது. எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் வருஷாவருஷம் நடக்கும், என் அப்பா மிதித்திருக்கிறார். பக்தி இல்லாதவன் கால் வேகும் என்பார்கள். அறிவியல் என்ன சொல்கிறது? யாரையும் புண்படுத்தக் கேட்கவில்லை, உண்மையாகத் தெரிந்துகொள்ள ஆசை.

நரம்புப்பாடம் (தஞ்சாவூர்)

விரதம் இருந்து இறங்குபவரின் மனசைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை, காலைப் பற்றிச் சொல்கிறேன். கட்டைக் கரியும் மேலே படிந்த சாம்பலும் சூட்டை மிக மெதுவாகக் கடத்துபவை. ஒவ்வொரு அடியிலும் பாதம் கரியில் படும் நேரம் அரை நொடிக்குப் பக்கம்தான். உள்ளங்கால் தோலும் தடிமன். அதனால் நிற்காமல் நடப்பவருக்குப் பெரும்பாலும் நரம்பு நுனிவரை சூடு இறங்காது. தடுமாறி நின்றவர், விழுந்தவர், கரி பாதத்தில் ஒட்டிக்கொண்டவர்தான் புண்படுகிறார்கள். சர்க்கரையால் கால் மரத்தவர்கள் இறங்கக் கூடாது என்பதை மட்டும் கோயில் பெரியவர்களிடம் சொல்லிவையுங்கள். சுடுகிறது என்று தெரிந்தால்தானே கால் வேகமாக நகரும்.

இதோடு சேர்த்து ஒரு வரலாறு. வடக்குப் பாகிஸ்தானில் ஒரு சிறுவன் தெருவில் வித்தை காட்டிக்கொண்டிருந்தான், கையில் கத்தியைச் செருகுவான், எரியும் கரி மேல் நடப்பான். அவனுக்குப் பிறவியிலேயே வலி என்பது கிடையாது. கூரையிலிருந்து குதித்துப் 14 வயதுக்குள் இறந்துபோனான். அவனுடைய உறவுக் குடும்பங்களை ஆராய்ந்து 2006இல் காரணத்தை வெளியிட்டார்கள்: எஸ்சிஎன்9ஏ என்ற மரபணு பழுது. வலி இழைகளில் துடிப்பைக் கிளப்பும் ஒரு சோடியக் கால்வாயை உண்டாக்கும் மரபணு அது. தொட்டால் தெரியும், சூடு குளிர் தெரியும், வலி மட்டும் இல்லை. அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு உதட்டிலும் நாக்கிலும் தாங்களே கடித்துக்கொண்ட காயங்கள் இருந்தன. அதே மரபணு வேறு விதமாக மாறினால் நேர் எதிரான நோய் வரும், லேசான வெப்பத்துக்கே கைகாலெல்லாம் சிவந்து தீயாய் எரியும்.

டிஆர்பிவி1ஐ அடைக்கும் மாத்திரைகளைப் பெரிய வலிநிவாரணியாகக் கொண்டுவரப் பல மருந்துக் கம்பெனிகள் முயன்றன. சோதனையில் சிலருக்குக் காய்ச்சல் ஏறியது, சிலருக்குச் சூடான தண்ணீர் சூடாகத் தெரியாமல் போனது. வலியை நிறுத்தப் போய்க் காவலையே நிறுத்திவிட்டார்கள் என்று பாடம் எடுக்கும்போது சொல்வேன்.

செவிலி (திருவாரூர்)

அரசலாறு அக்காவின் மாமனார் விஷயம்தான் எனக்கு மனசை உறுத்திக்கொண்டே இருக்கிறது, அதனால் திரும்ப வந்தேன்.

சர்க்கரையில் நீளமான நரம்பு முதலில் கெடும், அதனால் பாதத்தில் ஆரம்பிக்கும். பலருக்கு மெல்லிய இழைகள், அதாவது மேலே சார் சொன்ன ஏ-டெல்டாவும் சியும்தான், முதலில் போகின்றன. தடித்த இழைகள் அப்போதும் நன்றாக இருக்கலாம். இங்கேதான் ஏமாறுகிறோம். முகாமில் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்ப்போம், தட்டினால் அதிரும் இசைக்கவையை எலும்பில் வைத்துப் பார்ப்போம். இரண்டும் தடித்த இழைகளைத்தான் சோதிக்கின்றன. நரம்பில் மின்சாரம் வைத்து எடுக்கும் சோதனையும் அப்படியே. மூன்றிலும் தேறிவிட்டு, சூடு மட்டும் தெரியாமல் இருப்பவர் இருக்கிறார். மாமனாருக்குத் தரை தெரிகிறது, செருப்பு தெரிகிறது, அதனால் கால் நன்றாக இருக்கிறது என்று அவர் நம்புவார். சூடு, குளிர், ஊசிக்குத்து இவற்றைத் தனியாகப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

பிராகாரக் கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். சித்திரை வெயிலில் கருங்கல் 50 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். 55 டிகிரியில் மெல்லிய தோல் புண்ணாக அரை நிமிஷம் போதும். உள்ளங்கால் தடிமன் என்பதால் கொஞ்சம் தாங்கும், ஆனால் நிதானமாக ஒரு சுற்று வந்தால் தாங்காது. நமக்கு இரண்டாவது அடியிலேயே கால் ஓடும், அவருக்கு ஓடச் சொல்ல ஆள் இல்லை.

வீட்டில் இதைவிட அதிகம் நடப்பது வெந்நீர் ஒத்தடம். கால் குத்துகிறது என்று வாளி வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். காலை எடுக்கும்போது தோல் உரிந்து வரும். வாளித் தண்ணீரை மரத்த காலால் பார்க்கக் கூடாது, வீட்டில் வேறொருவர் முழங்கையை வைத்துப் பார்க்கட்டும். இன்னும் நல்லது, ஒத்தடமே வேண்டாம்.

தொழுநோயிலும் இதேதான். வெளிறின தேமலில் முதலில் காணாமல் போவது பெரும்பாலும் சூடு குளிர்தான். விரல் இடுக்கில் பீடி சுட்ட தழும்பு, சூடான டம்ளர் பிடித்த கொப்புளம் இவற்றைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். 1946இல் வேலூர் சிஎம்சிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட் காட்டியது இதைத்தான்: நோய் விரலைத் தின்பதில்லை, வலி தெரியாததால் படும் சூடும் காயமும்தான் விரலைக் குறைக்கின்றன. இன்று அரசு மருத்துவமனையில் கூட்டு மருந்து இலவசம். தேமலில் உணர்ச்சி இல்லை என்றால் வெட்கப்படாமல் வந்துவிடுங்கள், ஆரம்பத்தில் வந்தால் நரம்பைக் காப்பாற்றலாம்.

அரசலாறு (கும்பகோணம்)

எல்லோருக்கும் நன்றி. டாக்டரிடம் போனோம். நீங்கள் சொன்னபடி சூட்டைத் தனியாகப் பார்க்கச் சொன்னேன். கண்ணை மூடச் சொல்லி, ஒரு சோதனைக் குழாயில் வெந்நீர், ஒன்றில் குளிர்ந்த நீர் வைத்துப் பாதத்தில் மாற்றி மாற்றித் தொட்டார். கணுக்காலுக்குக் கீழே எது எதுவென்று மாமாவால் சொல்ல முடியவில்லை. முழங்காலுக்குப் பக்கத்தில் வந்ததும் டக்கென்று சொல்லிவிட்டார். நைலான் இழை மட்டும் பாதம் முழுக்கத் தெரிந்தது. கூட நின்ற மாமியார் அதைப் பார்த்து அழுதுவிட்டார்.

கொப்புளத்துக்குக் கட்டுப் போட்டிருக்கிறார்கள். இரண்டு கேள்வி. கோயிலுக்குப் போகாமல் அவரால் இருக்க முடியாது, என்ன செய்வது? இன்னொன்று அவரே கேட்கச் சொன்னார்: சூடே தெரியாத கால் ராத்திரி படுத்தால் தீயாய் எரிகிறதே, அது எப்படி?

செவிலி (திருவாரூர்)

புண் ஆறும் வரை போக வேண்டாம். அப்புறம் காலையில் வெயில் ஏறும் முன் போகட்டும், இல்லாவிட்டால் விளக்கு வைத்த பிறகு. கல்லில் ஏறின சூடு சூரியன் மறைந்த பிறகும் கொஞ்ச நேரம் நிற்கும். பல கோயில்களில் தேங்காய் நார் விரிப்பும் வெள்ளைப் பூச்சுப் பாதையும் போட்டிருக்கிறார்கள், அதை விட்டு இறங்க வேண்டாம். தடித்த பருத்திக் காலுறையைப் பெரும்பாலான கோயில்களில் யாரும் தடுப்பதில்லை, நிர்வாகத்திடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் யாராவது உள்ளங்காலைப் பார்க்க வேண்டும், தினமும். அவரே பார்ப்பதென்றால் தரையில் கண்ணாடி வைத்துக்கொள்ளலாம்.

நரம்புப்பாடம் (தஞ்சாவூர்)

இரண்டாவது கேள்விக்கு. சூட்டை உணர வேண்டிய நுனிகள் மேல்தோலிலிருந்து பின்வாங்கிவிட்டன. கணுக்காலுக்கு மேல் 3 மில்லிமீட்டர் தோலை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் மேல்தோலுக்குள் எத்தனை நுனி மிஞ்சியிருக்கிறது என்று எண்ணவே முடியும். ஆனால் நுனி போன இழை முழுதாகச் சாகவில்லை. அடிபட்ட சி இழையில் சோடியக் கால்வாய்கள் தாறுமாறாக இயங்கி, எதுவும் படாமலே துடிப்பைக் கிளப்பும். தண்டுவடத்துக்கு வருவது சி இழைச் செய்தி என்பதால் மூளை அதை எரிச்சல் என்றே எடுத்துக்கொள்ளும். அதனால்தான் ஒரே காலில் மரப்பும் எரிச்சலும் ஒன்றாக இருக்கின்றன.

எரிகிறது என்று தரையில் தண்ணீர் ஊற்றி அதில் நிற்பது, ஐஸ் வைப்பது வேண்டாம், அந்தக் குளிரும் அவருக்குச் சரியாகத் தெரியாது. இதற்கென்று மாத்திரைகள் இருக்கின்றன, சாதாரண வலி மாத்திரை இதற்கு அவ்வளவாகக் கேட்காது. சில நாடுகளில் 8 சதவீதக் கேப்சைசின் பட்டையையும் மருத்துவமனையில் வைத்து ஒட்டுகிறார்கள், மிளகாயின் அதே பொருள், அதிக அளவில் பட்டதும் எரிகிற நுனிகள் சில மாதத்துக்கு ஓய்ந்துபோகும். அதைப் பார்த்து வீட்டில் மிளகாயைத் தேய்த்துவிடாதீர்கள். அடுத்த தடவை போகும்போது ராத்திரி எரிச்சலைப் பற்றியும் டாக்டரிடம் சொல்லுங்கள், வயசானால் அப்படித்தான் என்று மாமா அதைச் சொல்லாமலே விட்டிருப்பார். சர்க்கரை அளவு குறித்த நோட்டையும் எடுத்துப்போங்கள்.